லத்தீனுக்குத் தொண்ணூற்றேழு

திருச்சி மாவட்டத்தில் லத்தீன் மொழியின் நிலைமை சென்ற ஏப்ரல் வரை மிகவும் திருப்திகரமாக இருந்தது. சராசரி மதிப்பெண் தொண்ணூற்றேழு. ரோமாபுரியில் அது உச்சத்தில் இருந்த நாளில்கூட இவ்வளவு பேர் இவ்வளவு நன்றாக எழுதியிருக்க வாய்ப்பில்லை. இந்தச் சாதனைக்குக் காரணமானவர் புனித பிளேசியார் தன்னாட்சிக் கல்லூரியின் லத்தீன் துறைத் தலைவர் பிலோமின்ராஜ். துறையின் இதர உறுப்பினர்களும் அவரே.

மேலப்புதூர்க்காரர். வயது ஐம்பத்து மூன்று. இளமையில் குருமடத்தில் சேர்ந்து ஆறு வருடம் சாமியாருக்குப் படித்து, ஏழாம் வருடம் தமக்கு அந்த அழைப்பு இல்லை என்று கண்டுகொண்டு வெளியே வந்தார். அப்படி வெளியே வந்தவர்களில் சிலர் வக்கீலானார்கள், சிலர் எல்.ஐ.சி. ஏஜென்ட் ஆனார்கள். உள்ளேயிருந்து கொண்டுவந்த சரக்கையே வைத்துக் கடை போட்டவர் பிலோமின்ராஜ் ஒருவர்தான். மின்வாரிய அலுவலகத்தில் வேலை பார்க்கும் பேட்ரிசியாவைப் பெண் பார்க்கப் போனபோது, "மாப்பிள்ளை என்ன சப்ஜெக்ட்?" என்று பெண்ணின் மாமா கேட்டார். லத்தீன் என்று சொன்னதும் அந்த மாமா எழுந்து நின்றுவிட்டார். அதன் பிறகு அந்த மொழிக்காக யாரும் எழுந்து நின்றதாகத் தகவல் இல்லை.

அந்தக் கல்லூரியில் பட்டப்படிப்பு சேருகிறவர்கள் முதல் நான்கு செமஸ்டருக்கு ஒரு மொழி படிக்க வேண்டும். தமிழ், இந்தி, பிரெஞ்சு, சமஸ்கிருதம், லத்தீன் என்று ஐந்து உண்டு. தமிழ்ப் பேராசிரியர்கள் நன்றாகத் தமிழ் எழுதினால்தான் மதிப்பெண் போடுவோம் என்று ஒரு பிடிவாதம் வைத்திருந்தார்கள். ஆகவே ரேங்க் வாங்க வேண்டிய பிள்ளைகளும், துபாயில் படித்துவிட்டு வந்து 'ழ'வைப் பார்த்ததும் தண்ணீர் கேட்கும் பிள்ளைகளும் லத்தீனுக்கு வந்தார்கள். மொழி செத்துப் பல நூறு வருடமாகிவிட்டது. ஆகவே இனிமேல் அது யாரையும் எதுவும் செய்யாது என்ற நம்பிக்கை.

நம்பிக்கை வீண்போகவில்லை. பிலோமின்ராஜ் ஒரு முறை வகுத்திருந்தார். தரம் கருதி வினாத்தாள் முழுவதும் லத்தீனிலேயே இருக்கும். ஆனால் இருபத்திரண்டு வருடமாகக் கேள்விகளின் வரிசை மாறியது கிடையாது. செமஸ்டர் முடிவில் அவர் ஒரு நோட்ஸ் கொடுப்பார். அதில் கேள்வி இருக்காது. எண்ணும் பதிலும் மட்டும் இருக்கும். முதல் பத்து எண்கள் பெயர்ச்சொல்லும் வினைச்சொல்லும் உருமாறும் அட்டவணைகள், அதற்கு நாற்பது மதிப்பெண். பதினொன்று முதல் மொழிபெயர்ப்பு. பதினோராம் எண்ணைக் கண்டால் விவசாயி ஒரு சிறுமிக்கு ரோஜாப்பூக்கள் கொடுக்கும் கதையை எழுத வேண்டும். பன்னிரண்டு என்றால் படைவீரர்கள் மதில் கட்ட வேண்டும். பிள்ளைகள் நோட்ஸை ஜெராக்ஸ் எடுத்து, லத்தீன் சொற்களுக்கு மேலே பென்சிலால் தமிழில் உச்சரிப்பை எழுதி, இரண்டு நாளில் நெட்டுருப் போட்டுவிடுவார்கள்.

"சார், எங்க ஊர்ல விவசாயி யாரும் பொம்பளப் புள்ளைக்கு ரோஜா குடுக்கறதில்லை சார்" என்றான் துறையூரிலிருந்து வரும் சரத்குமார், ஒரு நாள் வகுப்பில். "போர்ல தண்ணி வரலைன்னு மோட்டாரோட சண்டை போட்டுட்டு இருக்காரு."

"அது ரோம விவசாயிப்பா."

"அவங்களுக்கு இலவச கரென்ட்டு உண்டா சார்?"

வகுப்பில் நடந்த இலக்கிய விவாதங்களில் இதுவே நீளமானது.

தேர்வுத் தாளை இரண்டு பேர் திருத்த வேண்டும் என்பது தன்னாட்சிக் கல்லூரிகளின் விதி. ஒருவர் உள்ளே இருப்பவர், ஒருவர் வெளியே இருப்பவர். வெளியே இருப்பவரே வினாத்தாளும் தயாரிக்க வேண்டும். அந்த வெளியாள் இருபத்திரண்டு வருடமாக ஃபாதர் ஜோஸ். குருமடத்தில் பிலோமின்ராஜுக்கு லத்தீன் சொல்லிக் கொடுத்தவர். பழைய வினாத்தாளில் வருடத்தை மட்டும் அடித்துத் திருத்தி அனுப்புவார். இருவர் போடும் மதிப்பெண்ணும் ஒன்றுக்கொன்று மிஞ்சிப் போனால் ஒரு மதிப்பெண் வித்தியாசப்படும். பிலோமின்ராஜ் இதைத் தம் மதிப்பீட்டின் துல்லியத்துக்குச் சான்றாக எடுத்துக்கொண்டார்.

சென்ற நவம்பரில் ஃபாதர் ஜோஸ் கண்புரை முற்றி, ஓய்வு பெற்று, வையம்பட்டியில் உள்ள வயதான குருக்கள் இல்லத்துக்குப் போய்விட்டார். தேர்வுக் கட்டுப்பாட்டு அதிகாரி தமிழ்மணி வேதியியல்காரர். காலியிடம் என்றால் நிரப்ப வேண்டும் என்ற அளவில் விஷயத்தைப் புரிந்துகொண்டவர். நிபுணர் பட்டியலில் தேடினார். 'செம்மொழிகள்' என்ற தலைப்பின் கீழ் ஒரே ஒரு பெயர் இருந்தது. முனைவர் கோமளவல்லி, சமஸ்கிருதப் பேராசிரியர் (ஓய்வு), உத்தர வீதி, ஸ்ரீரங்கம். இரண்டும் பழைய பாஷைதானே என்று அவருக்கே ஆணை போய்விட்டது.

தமக்கு லத்தீன் தெரியாது என்று கோமளவல்லி பதில் எழுதினார். கடிதம் உரிய கோப்பில் மிகப் பத்திரமாக வைக்கப்பட்டது. ஒரு வாரம் கழித்து அலுவலகத்திலிருந்து வந்த நினைவூட்டல், 'தங்கள் சம்மதத்துக்கு நன்றி' என்று தொடங்கியது. முப்பத்து நான்கு வருட சர்வீஸில் எந்த ஆணையையும் திருப்பி அனுப்பாதவர் அந்த அம்மாள். ஏப்ரலுக்கு ஐந்து மாதம் இருந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தார். லத்தீனைப் படித்துவிடுவது என்று முடிவு செய்தார்.

இதெல்லாம் பிலோமின்ராஜுக்குத் தெரியாது. வெளியாள் மாறிவிட்டார், யாரோ மேடம் என்று மட்டும் கேள்விப்பட்டிருந்தார். மேடமாக இருந்தால் இன்னும் இரக்கமாகத்தான் போடுவார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

ஏப்ரலில் தேர்வு நடந்தது. பதினொரு பேர் எழுதினார்கள். பிலோமின்ராஜ் முக்கால் மணி நேரத்தில் பதினொரு தாளையும் திருத்தி முடித்தார். பத்துத் தாள்களுக்குத் தொண்ணூற்றேழு. ஏழாம் எண் தாளில் மட்டும் மொழிபெயர்ப்புப் பகுதியில் நோட்ஸில் இல்லாத என்னென்னவோ இருந்தது. 'பாடத்தில் இல்லை' என்று ஓரத்தில் சிவப்பு மையால் எழுதி, மனம் கேட்காமல் எண்பத்தொன்பது போட்டார். அவர் கொடுத்ததிலேயே அதுதான் குறைவான மதிப்பெண். அன்று மாலை டீ குடிக்கும்போதுகூட அது சற்று உறுத்தியது.

மூன்றாம் நாள் தமிழ்மணி கூப்பிட்டு அனுப்பினார். மேஜையில் இரண்டு மதிப்பெண் பட்டியல்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

"பிலோமின் சார், உக்காருங்க. நீங்க தொண்ணூத்தேழு. மேடம் நாப்பத்தொண்ணு. நீங்க தொண்ணூத்தேழு. மேடம் நாப்பத்தொண்ணு. இப்படியே பத்துப் பேருக்கு."

"டோட்டல் போடறதுல ஏதாவது..."

"மூணு தடவை கூட்டிட்டேன். ஏழாம் நம்பருக்கு மட்டும் நீங்க எண்பத்தொம்பது, அவங்க எண்பத்தாறு. அது ஒண்ணுதான் ரெண்டு பேருக்கும் ஒத்துப் போயிருக்கு. பதினஞ்சு மார்க்குக்கு மேல வித்தியாசம் வந்தா மூணாவதா ஒருத்தர் திருத்தணும். அவர் போடறதுதான் ஃபைனல். லத்தீன் தெரிஞ்ச இன்னொருத்தர் பேரு சொல்லுங்க. இல்லைன்னா, மேடம் போட்டதை ஒத்துக்கறேன்னு எழுதிக் குடுத்துட்டாலும் சரி. நீங்களும் மேடமும் பேசி அவங்க மார்க்கை ஏத்தினாலும் சரி. எனக்கு எதுவா இருந்தாலும் வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்."

வெளியே வந்த பிலோமின்ராஜ் வராந்தாவில் நின்று நிலைமையை யோசித்தார். ஒரு மொழிக்குப் பத்துப் பேராவது புதிதாகச் சேர்ந்தால்தான் முதலாண்டு வகுப்பு நடக்கும் என்பது நிர்வாகத்தின் விதி. லத்தீனில் நாற்பத்தொன்று என்ற செய்தி வெளியே போனால் ஜூனில் ஒரு ஈ காக்காய் வராது. துறையில் பிள்ளைகள் இல்லை என்றால் துறை இல்லை. துறை இல்லை என்றால் அவரை ஆண்கள் விடுதியின் துணைக் காப்பாளராகப் போடப்போவதாக முதல்வர் இரண்டு வருடமாகவே அன்போடு சொல்லிக்கொண்டிருந்தார். சாம்பாரில் கிடப்பது கருவேப்பிலையா வேறா என்று தீர்ப்புச் சொல்வது அந்தப் பதவியின் முக்கியப் பொறுப்பு.

"ஃபாதர் ஜோஸ் பேரைச் சொல்லுங்க" என்றாள் பேட்ரிசியா, வீட்டில். "இதுக்கு என்ன யோசனை?"

"அவருக்குக் கண்ணு தெரியலையே."

"காது கேக்குதுல்ல? யாராவது படிச்சுக் காட்டட்டும்."

"முதல்ல அந்த மேடத்தைப் பார்த்துட்டு வரேன். அவங்க கையால ஏத்திட்டா மரியாதையா முடிஞ்சுடும்."

"மரியாதையா முடியணும்னா சட்டையை மாத்திட்டுப் போங்க."

மறுநாள் காலை அவர் சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏறி ஸ்ரீரங்கம் போனார். காவிரியில் ஏப்ரல் மாதத்துக்கு உரிய மணல் ஓடிக்கொண்டிருந்தது. ராஜகோபுரத்தடியில் இறங்கி, ஒரு டஜன் மலை வாழைப்பழம் வாங்கிக்கொண்டு, விசாரித்து உத்தர வீதி வீட்டைக் கண்டுபிடித்தார்.

கோமளவல்லி அப்போதுதான் கோவிலிலிருந்து வந்திருந்தார். அறுபத்து மூன்று வயது. ஒல்லியான தேகம், கண்ணாடி. வந்தவர் யார் என்று தெரிந்ததும் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. பிலோமின்ராஜ் இதை நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டார்.

"வாங்கோ சார், வாங்கோ. நானே உங்களைத் தேடிண்டு வரணும்னு இருந்தேன். உக்காருங்கோ. தீர்த்தம் சாப்பிடறேளா?"

"வேணாங்க மேடம். ஒரு சின்ன விஷயமா வந்தேன். மார்க் விஷயம்."

"சொல்லுங்கோ."

"பசங்க பாவம் மேடம். கொஞ்சம் பார்த்துப் போட்டிருக்கலாம்."

"பார்த்துத்தானே போட்டேன்" என்றார் கோமளவல்லி. "பார்க்காம போட்டிருந்தா இன்னும் நன்னா வந்திருக்கும்."

பிலோமின்ராஜ் வாழைப்பழத்தை மேஜையில் வைத்தார்.

"பதினோராவது கேள்வியில கப்பல் முழுகற கதை ஒண்ணு குடுத்தேன் சார். மாலுமி கரையில ஒதுங்கி ராணிக்கு ஓலை எழுதறான். பத்துப் பேர் அதுக்கு என்ன எழுதியிருக்கா தெரியுமோ? ஒரு விவசாயி ரோஜாப்பூ குடுக்கறான். கப்பலும் இல்லை, கடலும் இல்லை. ஒருத்தர் எழுதியிருந்தா ஏதோ ஞாபகப் பிசகுன்னு விட்டுடலாம். பத்துப் பேரும் ஒரே மாதிரி, ஒரே இடத்துல கமா போட்டு எழுதியிருக்கா. நீங்க அதுக்கு முழு மார்க் போட்டிருக்கேள். அதுல ஏதோ உட்பொருள் இருக்கணும், எனக்குத்தான் தெரியலைன்னு ரெண்டு நாள் யோசிச்சேன்."

பிலோமின்ராஜ் அந்த வினாத்தாளைப் பார்த்திருக்கவில்லை. இருபத்திரண்டு வருடமாக ஒன்றாகவே இருந்ததை எதற்குப் பார்ப்பது? அட்டவணைக் கேள்விகள் எப்போதும் போல இருந்ததால் பிள்ளைகளுக்கும் சந்தேகம் வரவில்லை. எண்ணைப் பார்த்தார்கள், எழுதினார்கள்.

"அட்டவணைக்கு நாப்பது மார்க் குடுத்துட்டேன். அதுல ஒரு குத்தமும் சொல்ல முடியாது."

"அந்த மிச்சம் ஒரு மார்க்கு, மேடம்?"

"அது அவா ஒத்துமைக்கு."

அவர் கேலி செய்கிறாரா என்று பிலோமின்ராஜ் முகத்தைப் பார்த்தார். தெரியவில்லை.

"போறது. நீங்க வந்ததே நல்லதாச்சு" என்று கோமளவல்லி உள்ளே போய் ஒரு இருநூறு பக்க நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். "அஞ்சு மாசமா தனியா படிச்சதுல நாப்பத்து மூணு சந்தேகம் சேர்ந்துடுத்து. கேக்கறதுக்கு ஊர்ல ஒருத்தர் இல்லை. நீங்க ஒருத்தர் இருக்கேள்னு கேட்டதுமே எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமோ?"

இருபத்திரண்டு வருடத்தில் பிலோமின்ராஜிடம் பிள்ளைகள் கேட்ட சந்தேகங்கள் மொத்தம் இரண்டு வகைப்படும். நோட்ஸ் எப்போது கிடைக்கும் என்பது ஒன்று. எத்தனை பக்கம் என்பது மற்றொன்று. கோமளவல்லியின் முதல் சந்தேகத்துக்கு அவர் கம்பீரமாகப் பதில் சொன்னார். இரண்டாவதற்கு, குருமடத்தில் படித்தது கொஞ்சம் நினைவுக்கு வர, ஒருவாறு சமாளித்தார். மூன்றாவதைக் கேட்டதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இதுல ரெண்டு விதமான கருத்து இருக்குங்க மேடம்" என்றார்.

"அப்படியா? என்னென்ன?"

"வீட்டுல புஸ்தகத்தைப் பார்த்துச் சொல்றேன்."

நாற்பத்து மூன்றில் அவர் பார்த்துச் சொல்ல வேண்டியவை முப்பத்தொன்பது ஆயின. அம்மாள் ஒவ்வொன்றின் எதிரிலும் 'பி.ரா. பார்த்துச் சொல்வார்' என்று பொறுமையாகக் குறித்துக்கொண்டார். மதிப்பெண்ணைப் பற்றி இவரும் மறுபடி பேசவில்லை, அவரும் எடுக்கவில்லை. கிளம்பும்போது மட்டும், கோமளவல்லி வாசல்வரை வந்து கேட்டார்:

"அந்த ஏழாம் நம்பர் யாரு சார்? நன்னா எழுதியிருக்கு அந்தக் குழந்தை. கப்பல் முழுகற இடத்தைப் படிச்சப்போ எனக்கே பதறித்து. நீங்க ஏன் அதுக்கு மட்டும் கம்மியா போட்டேள்? ஏதாவது நுட்பமான பிழை இருக்கோ?"

"ஆமாங்க மேடம். நுட்பமானது" என்றார் பிலோமின்ராஜ்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தும் அவர் வெளியே பார்க்கவில்லை. சத்திரத்தில் இறங்கி, கூட்டத்தைவிட்டு ஒதுங்கி நின்று, வையம்பட்டிக்குப் போன் செய்தார்.

"ஃபாதர், ஸ்தோத்திரம். மூணாவதா ஒருத்தர் பேப்பர் திருத்தணும்."

"என் பேரைப் போட்டுக்கப்பா. எத்தனை பேரு?"

"பத்து."

"தொண்ணூத்தேழுன்னு எழுதிக்க."

"பேப்பரை அனுப்பி வைக்கிறேன் ஃபாதர். யாராவது படிச்சுக் காட்டினா..."

"எதுக்குப்பா? கண்ணு நல்லா இருந்தப்பவே நான் படிச்சதில்லை. நீ திருத்தினதுதானே. நீ ஒழுங்கா பார்த்திருப்பேன்னுதான் கட்டைப் பிரிக்காம போட்டுட்டு இருந்தேன்."

"நீங்க பார்ப்பீங்கன்னுதான் ஃபாதர் நான்..." என்று ஆரம்பித்த பிலோமின்ராஜ் நிறுத்திக்கொண்டார்.

"சரி விடு" என்றார் ஃபாதர் ஜோஸ். "ஆண்டவர் பார்த்திருப்பாரு."

வெள்ளிக்கிழமை பிலோமின்ராஜ் தமிழ்மணியின் அறைக்குப் போனார். ஏழாம் எண் தாளை ஒரு முறை பார்க்க வேண்டும் என்றார். கூடவே வினாத்தாளையும் கேட்டார். இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, விரலை ஓட்டி ஓட்டி, வரி வரியாகப் படித்தார். ஒரு மணி நேரம் ஆயிற்று. சில இடங்களில் அகராதி தேவைப்பட்டது. கப்பல் நன்றாகத்தான் முழுகியிருந்தது. மாலுமி நன்றாகத்தான் கரையேறியிருந்தான். ஓரத்தில் சிவப்பு மையில் 'பாடத்தில் இல்லை' என்றிருந்தது.

அந்த நேரத்தில் அவருக்கு மனசாட்சி விழித்துக்கொண்டது என்று சொன்னால் படிக்க நன்றாக இருக்கும். நடந்தது அதுவல்ல. ஐந்து மாதம் படித்த ஒரு சமஸ்கிருதக்கார அம்மாளுக்குத் தெரிந்தது இருபத்திரண்டு வருடத் துறைத் தலைவருக்குத் தெரியவில்லை என்று நாளைக்கு யாராவது சொல்லிவிடுவார்களே என்று அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. அந்த அம்மாள் போட்டதே சரி என்று தாமே சொல்லிவிட்டால், தமக்கும் அது தெரியும் என்று ஆகிறது.

"மேடம் போட்டதே இருக்கட்டுங்க" என்றார்.

"பத்துப் பேருக்கும் நாப்பத்தொண்ணா? யோசிச்சு சொல்றீங்களா சார்?"

"எழுதிக் குடுத்துடறேன். மூணாவது ஆள் வேணாம்."

"ஜூன்ல அட்மிஷன் இருக்கு" என்றார் தமிழ்மணி, அக்கறையோடு.

"தெரியுங்க."

விஷயம் தெரிந்ததும் பேட்ரிசியா இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள், விடுதிச் சாப்பாடு அவருக்கு ஒத்துக்கொள்ளுமா என்று மட்டும் விசாரித்தாள்.

ரிசல்ட் வந்தது. பத்துப் பேரும், அவர்களில் சிலரின் அப்பாக்களும், துறையின் வாசலுக்கு வந்தார்கள். துறைக்கு ஒரே நாற்காலி என்பதால் பேச்சுவார்த்தை நின்றபடியே நடந்தது. "நோட்ஸ்ல இருக்கறதை ஒரு எழுத்து விடாம எழுதினேன் சார்" என்றான் சரத்குமார். அது உண்மைதான் என்று பிலோமின்ராஜ் ஒத்துக்கொண்டார். மறுநாள் பத்துப் பேரும் பிரெஞ்சுக்கு மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்தார்கள். முதல்வர் கையெழுத்துப் போட்டார்.

ஜூனில் அட்மிஷன் நடந்தபோது மொழிகளுக்கு வரிசையாக மேஜை போட்டிருந்தார்கள். லத்தீன் மேஜையில் பிலோமின்ராஜ் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"லத்தீன்ல எவ்வளவு வரும் சார்?" என்று உறையூரிலிருந்து மகளோடு வந்த ஒருவர் கேட்டார்.

"படிச்சா வருங்க."

"படிக்காம?"

"நாப்பத்தொண்ணு வரைக்கும் வந்திருக்கு."

அவர் நன்றி சொல்லிவிட்டு மகளைப் பக்கத்து மேஜைக்குக் கூட்டிப் போனார். நான்கு நாளில் இரண்டு பேர் பெயர் கொடுத்தார்கள். ஒருவர் பிரெஞ்சு வரிசை நீளமாக இருந்ததால். மற்றவர் இந்த மேஜைக்கு நேர் மேலே மின்விசிறி ஓடியதால். பத்து சேராததால் இருவரையும் சமஸ்கிருதத்துக்கு அனுப்பிவிட்டார்கள். இந்த ஆண்டு லத்தீனில் முதலாண்டு வகுப்பு கிடையாது என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டியாயிற்று.

இனி மிச்சம் இருந்தது ஏழாம் எண். அவள் பெயர் ஹஃப்ஸா, பி.காம். இரண்டாம் ஆண்டு. படித்துக்கொண்டிருக்கும் பிள்ளை ஒன்று இருக்கும்வரை அந்த மொழியை மூடக்கூடாது என்று விதியில் இருந்தது. அவள் ஒருத்தி இருந்தால் துறை இன்னும் ஒரு வருடம் தாங்கும். அதற்குள் மறுபடி ஒரு ஜூன் வந்துவிடும். அவளும் போய்விட்டால், திங்கட்கிழமை காலையிலிருந்து சாம்பார்.

சனிக்கிழமை ஹஃப்ஸா ஒரு வெள்ளைத் தாளோடு வந்தாள். தாளைப் பார்த்ததுமே பிலோமின்ராஜுக்கு அது என்ன என்று தெரிந்துவிட்டது.

"நீயும் பிரெஞ்சாம்மா?"

"ஆமா சார். போன செமஸ்டர்ல தொண்ணூத்தேழு. இந்தத் தடவை ரெண்டு பேர் மார்க்கையும் சராசரி போட்டு எண்பத்தேழரைன்னு வந்திருக்கு. எனக்கு ரேங்க் போயிடும் சார்."

"உன் பேப்பர் நல்லா இருந்துச்சும்மா. அந்த மேடம் ரொம்பப் பாராட்டினாங்க. நீ எப்படி தனியா இவ்வளவு படிச்சே? ஆர்வமா?"

"இல்ல சார். நீங்க நோட்ஸ் குடுத்த அன்னைக்கு எங்க அக்கா கல்யாணம். நான் லீவு. யாரும் எனக்கு ஜெராக்ஸ் எடுத்து வைக்கலை. வேற வழியில்லாம புஸ்தகத்தைப் படிக்க வேண்டியதாப் போச்சு. ரொம்பக் கஷ்டமாயிருச்சு சார்."

பிலோமின்ராஜ் துறையின் ஒரே நாற்காலியிலிருந்து எழுந்து, அவளை உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை.

"நீ போயிட்டா டிபார்ட்மென்ட்டே இல்லம்மா."

"தெரியும் சார். ஆபீஸ்ல சொன்னாங்க."

"இரு. நான் நல்லா சொல்லித் தரேன். ஒரு ஆள்தானே, முழுக் கவனமும் உன் மேலதான்."

இந்த வாக்குறுதி ஹஃப்ஸாவை இன்னும் கலவரப்படுத்தியது. அவள் தாளைச் சுருட்டினாள், பிரித்தாள்.

"இருந்தா நோட்ஸ் தருவீங்களா சார்?"

"நோட்ஸ் கிடையாதும்மா இனிமே. கேள்வி போடறது அந்த மேடம். எனக்கே என்ன வரும்னு தெரியாது."

"முக்கியமானது எதுன்னாவது சொல்லலாம்ல சார். ஒரு பத்துப் பாடம்."

"சொல்றதுக்கில்லை."

"எட்டு."

"ஹஃப்ஸா, இது மொழி. எல்லாமே முக்கியம்."

"பிரெஞ்சு மேடம் அஞ்சு பாடம் குறிச்சுத் தராங்களாம் சார்" என்று அவள் தாளை மேஜையில் வைத்து நீவிவிட்டாள். கையெழுத்துக்கு இடம் விட்டு, கீழே தேதியும் போட்டிருந்தது.

பிலோமின்ராஜ் அந்தத் தாளைப் பார்த்தார். பிறகு பேனா மூடியைத் திருகி மூடினார்.

"ரெண்டு" என்றார்.

"நாலு சார்."

மூன்றில் முடிந்தது.